குவியலைக் கலைப்பதற்கு முன் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

கேள்வி: நான் திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே முப்பதுக்கும் மேற்பட்ட சிறு பனியன் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். உதவிக்கு ஒரு பெண் வருகிறார். என் மேசை எப்போதும் பில் கட்டுகளால் நிறைந்திருக்கும். டைரி, கைபேசிச் செயலி, சுவரில் மஞ்சள் சீட்டு என்று எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. இதே தொழிலைச் செய்யும் என் தோழியின் மேசையில் ஒரு தாள்கூட இருக்காது. அவரைப் பார்த்துச் சென்ற மாதம் மேசையை முழுவதும் ஒழுங்குபடுத்தினேன். அதே மாதம் ஒரு வாடிக்கையாளரின் இஎஸ்ஐ தொகையைக் கட்ட மறந்துவிட்டேன். இணையத்தில் எழுதிப் பார்த்த ஒரு சோதனை என்னை 'ஒழுங்குக்கு அடங்காத வகை' என்கிறது. என் வகைக்கு ஏற்ற முறை எது? இல்லை, இது என் பிறவிக் குணம்தானா?
— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

மேசையை ஒழுங்குபடுத்தியதையும் அதே மாதம் இஎஸ்ஐ மறந்துபோனதையும் உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி வருத்தங்களாக எழுதியிருக்கிறீர்கள். பணி உளவியல் ஆலோசகராக நான் அந்த இரண்டு வரிகளையும் காரணமும் விளைவுமாகவே வாசிக்கிறேன். மேசையை ஒழுங்குபடுத்தியதால்தான் மறந்தீர்கள் என்பது என் கணிப்பு. இந்தக் கணிப்பு சரியென்றால், உங்களுக்கு ஏற்ற வகை எது என்ற கேள்விக்கே அவசியம் இல்லாமல் போய்விடும்.

டாமஸ் மலோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அலுவலக ஊழியர்களை அவர்களுடைய அறைகளிலேயே சந்தித்து, தாள்களை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டறிந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிலர் தாள்களைப் பெயரிட்ட கோப்புகளில் அடுக்குகிறார்கள், சிலர் குவித்து வைக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். மலோன் அதற்கு மேலும் ஒன்றைக் கவனித்தார். மேசையில் இருக்கும் தாள் தேவைப்படும்போது கிடைப்பதற்காக மட்டும் அங்கே இருப்பதில்லை. செய்ய வேண்டிய வேலையை அது நினைவூட்டிக்கொண்டும் இருக்கிறது. தேடி எடுப்பது ஒரு வேலை, நினைவூட்டுவது இன்னொரு வேலை. கோப்பு முதல் வேலையை நன்றாகச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. குவியல் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும்.

உங்கள் மேசையில் இருந்த ஒவ்வொரு பில் கட்டும் ஒரு நினைவூட்டல். ஜன்னலோரம் கிடக்கும் கட்டு இன்னும் பதியப்படவில்லை, நாற்காலிப் பக்கம் இருப்பது ஓடிபிக்காகக் காத்திருக்கிறது, மேலே தனியாகக் கிடக்கும் சலான் இன்று கட்ட வேண்டியது என்று, நீங்கள் எழுதி வைக்காமலேயே இடத்தைக் கொண்டே அறிந்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் எடுத்து அழகான பெட்டிக் கோப்புகளில் அடுக்கியபோது தாள்களுக்கு இடம் கிடைத்தது. எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது என்ற செய்தி மட்டும் எங்கும் எழுதப்படாமலே மறைந்தது. நீங்கள் கைவிட்ட ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தோற்றிருக்க வேண்டும். டைரியை ஒருவர் திறந்தால்தான் அது பேசும், செயலியும் அப்படியே. குவியலைத் திறக்க வேண்டியதில்லை, அறைக்குள் வந்தாலே கண்ணில் படும். மஞ்சள் சீட்டு கண்ணில் படும் என்பது உண்மைதான், ஆனால் முடிந்த வேலையின் சீட்டும் முடியாததன் சீட்டும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சில நாட்களில் கண் அவற்றைச் சுவரின் நிறமாகவே எடுத்துக்கொள்ளும்.

அதற்காகக் குவியல்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தொழிலில் குவியலுக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது: வராத தாளை அது நினைவூட்டாது. ஒரு மாதம் வியாபாரமே நடக்காத வாடிக்கையாளரும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். வியாபாரமே இல்லை என்று காட்டும் அந்த 'நில்' (nil) கணக்கு தவறினாலும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும், வரி உள்ள கணக்காக இருந்தால் 50 ரூபாய். அந்த வாடிக்கையாளர் உங்களுக்கு ஒரு பில்லும் தர மாட்டார், ஆகவே உங்கள் மேசையில் அவருக்குக் குவியலும் இருக்காது. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்புபவர்களின் நிலையும் இதுதான். நினைவூட்டும் பொறுப்பைத் தாளிடமிருந்து எடுத்து வேறொன்றிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

நம் தாலுகா அலுவலகங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு. அந்த இருக்கைக்கு வரும் தபால் ஒவ்வொன்றையும் எழுத்தர் வரிசை எண் போட்டு அதில் பதிகிறார். அதன்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு யாருக்குப் போனது, எப்போது திரும்பியது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் அந்தப் பதிவின் எதிரிலேயே ஏறிக்கொண்டு வரும். கோப்பு மேலதிகாரியின் மேசையில் இருக்கலாம், வேறு அலுவலகத்துக்குப் போயிருக்கலாம்; அதன் நிலை என்ன என்பது பதிவேட்டில் இருக்கும். மேலதிகாரி பதிவேட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்துப் பார்வையிட வேண்டும் என்பதும் விதி. தாள் ஓரிடத்திலும் அதன் நிலை வேறோரிடத்திலும் வாழ்கின்றன. கைபேசிச் செயலிகள் இன்று செய்ய முயல்வதில் பாதி இந்தப் பதிவேட்டில் முன்பே இருக்கிறது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதன் சிறிய வடிவம். பெரிய சார்ட் அட்டை ஒன்றையோ வெள்ளைப் பலகையையோ உங்கள் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக எல்லா வாடிக்கையாளர்களின் பெயர்களும் வரட்டும். இந்த மாதம் வேலை இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். மேற்பக்கம் அந்த மாதத்தின் கெடு நாட்கள் வரட்டும்: டிடிஎஸ் கட்ட 7, விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, பிஎஃபுக்கும் இஎஸ்ஐக்கும் 15, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் காலாண்டுத் திட்டத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தேதிகள் வேறு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜிஎஸ்டிஆர்-1க்கு 13, தமிழ்நாட்டில் 3பிக்கு 22, இடைப்பட்ட மாதங்களில் வரி கட்ட 25. அவர்களை அட்டையின் கீழ்ப்பகுதியில் தனியாக எழுதிவிடுங்கள், ஒரே வரிசையில் கலந்தால் கண் தடுமாறும். ஒருவருக்கு இஎஸ்ஐ இல்லையென்றால் அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். வெறுமையாக இருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் பாக்கி வேலை என்று பொருள்படும்படி அட்டை அமைய வேண்டும்.

கட்டத்துக்குள் வெறும் டிக் குறி போடுவது போதாது. உங்கள் வேலையில் ஒன்று முடியாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். பில் வரவில்லை, பதிந்தாயிற்று ஆனால் வாடிக்கையாளர் தொகையைச் சரிபார்த்துச் சொல்லவில்லை, சலான் போட்டாயிற்று ஆனால் பணம் கட்டவில்லை, எல்லாம் தயார் ஆனால் அவருடைய கைபேசிக்குப் போன ஓடிபி உங்களுக்கு வந்து சேரவில்லை என்று காத்திருப்புகள் பல வகை. இவற்றுக்கு நீங்களும் உதவியாளரும் புரிந்துகொள்ளும் ஓரெழுத்துக் குறிகளை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதுங்கள். நிலை மாறும்போது அழித்து எழுதுங்கள். தாக்கல் முடிந்த பிறகு மட்டும் பேனாவால் தேதியை எழுதுங்கள். மேசையின் எந்த மூலையில் எந்தக் கட்டு கிடக்கிறது என்பதை வைத்து நீங்கள் இதுவரை மனத்தில் சுமந்த செய்தி முழுவதும் இந்த அட்டைக்கு வந்துவிடும்.

இது மனத்தின் பாரத்தையும் குறைக்கும் என்று நான் நம்புவதற்கு ஆதாரம் உண்டு. முடிக்காத வேலை மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதை 1927இலேயே புளூமா ஸீகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேலையை முடிக்காமலேயே, அதை எப்போது எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே அந்த உறுத்தல் மற்ற வேலைகளைக் கெடுப்பது நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். திட்டவட்டமாக என்ற சொல்லே இதில் முக்கியம். 'செட்டியார் கடை, ஜிஎஸ்டி' என்று டைரியில் எழுதினால் மனம் நம்பாது. 'வியாழன் காலை பில் கேட்டு அழைப்பது' என்று எழுதினால் நம்பும்.

நாளின் தொடக்கத்தில், வாட்ஸ்ஆப்பைத் திறப்பதற்கு முன், அட்டைக்கு முன் நின்று பத்து நிமிடம் பாருங்கள். உதவியாளரும் உடன் நிற்கட்டும். தாலுகா அலுவலகத்தில் மேலதிகாரி செய்யும் பார்வையிடுதலை இங்கே நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் செய்கிறீர்கள். தனியாகப் பார்ப்பவர் ஒரு வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார். 'இவர் என்ன ஆனார்?' என்று கேட்க இன்னொருவர் இருந்தால் தாண்ட முடியாது. இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் அட்டையும் மஞ்சள் சீட்டின் வழியே போகும்.

இனித் தாள்களைப் பார்ப்போம். நினைவூட்டும் வேலையிலிருந்து விடுபட்ட தாளைத் தேடி எடுக்க முடிந்தால் போதும், அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. இங்கேதான் பலர் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். விட்டேக்கர், ஹிர்ஷ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், குவிப்பவர்களைவிடக் கோப்பில் அடுக்குபவர்களே அதிகத் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள், ஆனால் அவற்றை எடுத்துப் பார்த்தது குறைவு என்று தெரிந்தது. பயன்படுமா என்று தெரிவதற்கு முன்பே அடுக்கிவிட்டது ஒரு காரணம். மின்னஞ்சல் விஷயத்திலும் விட்டேக்கர் குழுவினர் 2011இல் 345 பேரின் பழக்கத்தை ஆராய்ந்து, மடல்களைச் சிக்கலான ஃபோல்டர்களாகப் பிரித்து வைத்தவர்கள் பழைய மடல்களைக் கண்டெடுப்பதில் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்களாக இல்லை என்று கண்டார்கள்.

ஒழுங்கமைப்பு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வர வேண்டியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர்; 1931இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை நுணுக்கமானது, அவ்வளவு நுணுக்கம் நூலகத்துக்குத் தேவையும்கூட. அங்கே நூலை வைப்பவர் ஒருவர், தேடுபவர் முன்பின் அறியாத இன்னொருவர். உங்கள் அறையில் வைப்பவரும் தேடுபவரும் நீங்கள் இருவரே. ஆகவே உங்கள் ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு சோதனை போதும்: நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் ஒரு வாடிக்கையாளர் சென்ற ஜூலை மாத கொள்முதல் பில்லைக் கேட்டால், உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல் உதவியாளரால் எடுத்துக் கொடுக்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் ஏற்பாடு ஒழுங்கானதுதான், பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும்.

நடப்பு ஆண்டுத் தாள்களுக்கு ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யூகியோ நோகுச்சி சொன்ன முறை உங்களுக்குப் பொருந்தும். வாடிக்கையாளருக்கு ஓர் உறை. பெயர் விளிம்பில் தெரியும்படி அலமாரியில் செங்குத்தாக நிறுத்துங்கள். எடுத்த உறையைத் திரும்ப வைக்கும்போது இடக்கோடியில் வையுங்கள். அடிக்கடி தேவைப்படுபவை தாமாகவே இடப்பக்கம் சேர்ந்துகொள்ளும், தொடாதவை வலப்பக்கம் ஒதுங்கும். எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நிதியாண்டு முடிந்ததும் பெயரும் ஆண்டும் எழுதிப் பெட்டிக்கு அனுப்புங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவேடுகளை ஆண்டுக் கணக்குக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்பதால், ஆண்டு முடிந்த அசல் பில்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது உங்கள் அறைக்கும் நல்லது.

வாட்ஸ்ஆப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் உங்கள் தொழிலில் இருக்கும் எவரிடமும் நான் அதைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. இடையூறுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிளோரியா மார்க்கும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: இடையூறுக்கு ஆளானவர்கள் வேலையை மெதுவாகச் செய்யவில்லை, வேகமாகவே முடித்தார்கள், அதற்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. இருபதாம் தேதி இரவு உங்களுக்கு வரும் களைப்பு வேலையின் அளவால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதை நான் சான்றாகக் கொள்கிறேன். படங்களைச் சேகரித்துப் பெயர் மாற்றி கணினியில் அந்தந்த வாடிக்கையாளரின் ஃபோல்டரில் போடுவதை உதவியாளரின் பொறுப்பாக்குங்கள். தொழிலுக்கென்று தனி எண் வாங்கி, அந்தக் கைபேசியை அவர் மேசையில் வைத்துவிடுங்கள். கெடு நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில் இது சரிப்படாது, அப்போது ஓடிபி வரும் கணத்தில் நீங்கள்தான் கையில் வைத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் சரிப்படும். பதிவுக்கு நடுவே எழ நேர்ந்தால், எந்த பில் வரை வந்தீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் காட்டிய ஸோஃபி லெராய், திரும்பி வந்து எங்கே தொடங்குவது என்று குறித்துவிட்டுப் போனால் அந்த இழப்பு குறைகிறது என்பதையும் பின்னர் காட்டியிருக்கிறார்.

வாடிக்கையாளர்கள் பில்லைத் தாமதமாகத் தருவார்கள் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு மாதமும் இந்த முறை நேரத்துக்கு வந்துவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். 1994இல் கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனாலும் 48.6 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55.5 நாள். நம் ஊகத்தைவிட நம் பழைய பதிவுகள் நம்பத்தக்கவை. உங்கள் வாட்ஸ்ஆப்பிலேயே அந்தப் பதிவு இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொருவரும் கடைசி பில்லை எந்தத் தேதியில் அனுப்பினார் என்று பார்த்து, அந்தத் தேதியை அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் சிறிதாக எழுதுங்கள். யாரை மூன்றாம் தேதியே அழைக்க வேண்டும், யாரை அழைக்கவே தேவையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வகைச் சோதனைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. காலையில் தெளிவாக இருப்பவர், இரவில் தெளிவாக இருப்பவர் என்ற வேறுபாடு மட்டும் மெய்யானது, 1976இல் ஹார்னும் ஆஸ்ட்பெர்க்கும் அதற்கு வினாத்தாளே அமைத்தார்கள். எண்களைச் சரிபார்க்கும் வேலையை உங்களுக்குத் தெளிவான நேரத்தில் வையுங்கள், அவ்வளவுதான். குவிப்பவர், அடுக்குபவர் என்பதெல்லாம் பழக்கத்துக்கு வைத்த பெயர். ஒருவரே அலுவலகத்தில் அடுக்குவார், வீட்டில் குவிப்பார். உங்கள் தோழியின் மேசையைப் பார்த்து ஏங்குவதைவிட அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இன்றைக்கு யாருடைய ஓடிபி வரவில்லை என்பது உனக்கு எப்படித் தெரிகிறது?' அவர் கணினியில் ஒரு எக்செல் தாளைத் திறந்து காட்டக்கூடும், அல்லது அவருடைய வாடிக்கையாளர்கள் உங்களுடையவர்களில் பாதியாக இருக்கக்கூடும். வெற்று மேசை அந்த விடையைச் சொல்லாது.

பிறவிக் குணமா என்று கேட்டதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை எழுத்தில் இல்லாமல் தாள்களின் இடத்தைக் கொண்டே இவ்வளவு காலம் நடத்தியவரை ஒழுங்கற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது கடுமையான நினைவாற்றலைக் கேட்கும் வேலை. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, பள்ளியிலும் வீட்டிலும், பொருள்களைத் தொலைப்பதும் தொடங்கியதை முடிக்க முடியாமல் தவிப்பதும் தொடர்ந்து இருந்து, இன்றும் தொழிலுக்கு வெளியேயும் அது உங்கள் வாழ்க்கையைச் சிரமப்படுத்துகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு பெரியவர்களிடமும், குறிப்பாகச் சிறுவயதில் யாரும் கவனிக்காமல் விட்ட பெண்களிடமும் இருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் அப்படி நினைக்கவில்லை.

இந்த மாதக் கெடுக்கள் முடியும்வரை எதையும் மாற்றாதீர்கள். அவை முடிந்தபின் ஒரு நாள் ஒதுக்கி அட்டையை எழுதி மாட்டுங்கள். மேசையை அப்போதும் தொட வேண்டாம். அடுத்த மாதம் முழுவதும் அட்டையும் குவியலும் சேர்ந்தே இருக்கட்டும். குவியலைப் பார்த்து நினைவுக்கு வந்த எதையாவது அட்டையில் காணவில்லை என்றால் உடனே சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு வாரம் கடந்த பிறகு, முதலில் அடியில் கிடக்கும் பழைய கட்டை எடுத்து உறையில் போடுங்கள்.